எதில் மூன்றில் ஒரு பங்கு?

அக்கா 31 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். மார்பில் இருந்த கட்டியை எடுத்து, தையலும் பிரித்த பிறகு, மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். “கீமோ குடுத்தா நோய் திரும்பி வர்ற வாய்ப்பு மூணுல ஒரு பங்கு குறையும்மா” என்றார் அவர். அத்தான் உடனே தலையாட்டினார். மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அக்கா மட்டும் கேட்டாள்: “எதுல மூணுல ஒரு பங்கு, டாக்டர்?”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சல் இல்லை, மரியாதை இருந்தது.

100 பெண்களில் 60 பேருக்கு நோய் திரும்பும் என்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு 20 பேர். 9 பேருக்குத்தான் திரும்பும் என்றால் அதே மூன்றில் ஒரு பங்கு வெறும் 3 பேர். அந்த மூவரைக் காப்பாற்ற 100 பேரும் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். 91 பேருக்கு அது இல்லாமலே நோய் திரும்பியிருக்காது. 6 பேருக்கு ஏற்றியும் திரும்பும். மூவரில் ஒருத்தியாக நாம் இருப்போமா என்பது யாருக்கும் தெரியாது. இப்படிச் சொல்லும்போது மனது தடுமாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு என்று மட்டும் கேட்டபோது தடுமாறவில்லை.

அக்காவுக்கு அப்போது 58 வயது. ரிப்போர்ட்டில் கட்டி 2.4 சென்டிமீட்டர், கிரேடு 1 என்றிருந்தது. கிரேடையும் ஸ்டேஜையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் எங்கள் சொந்தத்தில் பார்க்கவில்லை. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது அதன் குணம். நுண்ணோக்கியில் மூன்று விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்கள்: செல்கள் இன்னும் பால்குழாய் போலச் சேர்ந்து நிற்கின்றனவா, அவற்றின் கருக்கள் எவ்வளவு உருமாறிவிட்டன, எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன. கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1. அக்காவுக்கு இரண்டும் இரண்டும் ஒன்றும், மொத்தம் 5. அந்த ஒன்று, பிளவுக்கான மதிப்பெண். அவளுடைய கட்டி அவசரப்படாத கட்டி.

ஹார்மோனை நம்பி வளர்கிற வகை, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லை. எல்லாம் சாதகம்தான், ஒன்றைத் தவிர. அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் நோய் இருந்தது. அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது.

கீமோ மருந்துகள் பெரும்பாலும் பிளந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் பிடிக்கின்றன. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், வெள்ளை அணு குறைவதும் அதனால்தான். மயிர்க்காலும் குடல் சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் பிளக்கிற இடங்கள். ஓடுகிறவனைச் சாய்க்கக் கட்டிய கயிற்றில் நிற்கிறவன் தடுக்கி விழமாட்டான். மெதுவாக வளரும் கட்டியில் அநேக செல்கள் அந்த நேரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. ஆக, அந்த “மூன்றில் ஒரு பங்கு” என்பதே எல்லாக் கட்டிகளுக்கும் ஒன்றல்ல.

மருத்துவரே சொன்னார், ஒரு பரிசோதனை இருக்கிறது என்று. எடுத்த கட்டியிலிருந்து 21 மரபணுக்களைப் படித்து 0 முதல் 100 வரை ஒரு எண் தருவது. துண்டு கலிஃபோர்னியா போய் வரவேண்டும், செலவு லட்சங்களில். அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் வைப்பு நிதியை உடைத்தார். (அந்தப் பணம் இல்லாத வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.) எண் 14 என்று வந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லப் பல ஆயிரம் பெண்கள் தேவைப்பட்டார்கள். நெறிக்கட்டியில் நோய் இல்லாதவர்களிடம் நடந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அதில் எண் 11 முதல் 25 வரை இருந்த 6,700-க்கும் அதிகமான பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதிக்குக் கீமோவும் ஹார்மோன் மாத்திரையும், மறுபாதிக்கு மாத்திரை மட்டும். 9 வருடம் கழித்து முதல் பாதியில் 100-க்கு 93.8 பேரும், இரண்டாவதில் 93.9 பேரும் உயிரோடிருந்தார்கள். அக்காவைப் போல ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகளில் நோய் இருந்தவர்களுக்கான ஆய்வு 2021-இல் வந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்கு, எண் 25 வரை இருந்தால், கீமோவால் கூடுதல் பலன் தெரியவில்லை. நிற்காதவர்களுக்குத் தெரிந்தது. அக்கா 38 வயதுக்காரியாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். இதே எண், இதே கட்டி, வேறு பதில்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வீட்டில் யாரும் சமாதானமாகவில்லை. “நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அன்னைக்கே பண்ணியிருக்கலாமேன்னு தோணாதா?” என்றார் சித்தப்பா. அத்தான் முதல்முறையாக எங்கள் முன்னால் அழுதார். “எல்லாம் பண்ணிப் பாத்துட்டோம்ங்கிற திருப்தியாவது எனக்கு வேணும்மா” என்றார். அம்மா பழநிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கீமோவில் முடி போகும் என்று கேள்விப்பட்டதும், “அது சாமிக்குக் குடுத்ததா இருக்கட்டும், மத்ததெல்லாம் அவன் பாத்துக்குவான்” என்றாள்.

அம்மாவின் பேச்சில்தான் எனக்கு எங்கள் எல்லோருடைய பயத்தின் வேர் தெரிந்தது. வலியைக் கொடுத்து உயிரை வாங்கலாம் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் இருக்கிறது. அலகு குத்துகிறோம், பூக்குழி இறங்குகிறோம், முடி இறக்குகிறோம். எவ்வளவு பட்டோமோ அவ்வளவு கிடைக்கும் என்கிற கணக்கு. கோயிலில் அது பக்தி. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், என் நெற்றியிலும் அந்த விபூதிதான். ஆனால் அதே கணக்கைப் படித்த மருத்துவமும் நூறு வருடம் போட்டது.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குளையும் சேர்த்து எடுத்தார். அதிகம் வெட்டினால் அதிகம் பிழைப்பார்கள் என்பது அப்போதைய உறுதி. கை வீங்கி, தோள் முடங்கி, விலா எலும்பு தெரிய எத்தனை தலைமுறைப் பெண்கள் வாழ்ந்தார்கள்! பின்னாளில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு அறுவை மருத்துவர் 1971-இல் தொடங்கி 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், அவ்வளவு வெட்டுப்பட்டவர்களும் குறைவாக வெட்டுப்பட்டவர்களும் ஒரே அளவுதான் பிழைத்தார்கள். அதற்குப் பிறகும் பாடம் படியவில்லை. 1990-களில் எலும்பு மஜ்ஜையே அழிகிற அளவுக்குக் கீமோவை ஏற்றி, முன்பே எடுத்து வைத்த செல்களைத் திரும்பச் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அதை ஏற்றிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டே வாங்கினார்கள். சிலர் அந்தச் சிகிச்சையிலேயே இறந்தார்கள். 1999-இல் முடிவுகள் வந்தபோது சாதாரணக் கீமோவைவிடப் பலன் இல்லை. பலன் உண்டு என்று காட்டிய ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று அடுத்த வருடம் தெரிந்தது.

இதைக் கீமோவுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1976-இல் மிலானில் பொனடோனா என்ற மருத்துவர் அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோய் திரும்புவதைக் குறைத்துக் காட்டியதிலிருந்து, கீமோவால் உயிர் வாழ்கிற பெண்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வேகமான கட்டி உள்ளவள் அதை மறுத்துவிட்டு மூலிகைச் சாறு தேடிப் போனால் நான் அவள் காலில் விழுந்தாவது தடுப்பேன். நான் சொல்வது, பலன் மருந்தில் இருக்கிறது, வேதனையில் இல்லை என்பதைத்தான். வேதனை பலனோடு வரும்போது தாங்கிக்கொள்கிறோம். பலன் இல்லாத இடத்தில் வேதனை மட்டும் தனியாக வந்து நின்று, “நான் அன்பு” என்று சொல்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

ஒரு ராத்திரி மாடியில் துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “உங்க அத்தானுக்குத் திருப்தி வேணும், சித்தப்பாவுக்குப் பழி வரக்கூடாது, அம்மாவுக்கு வேண்டுதல். ஏத்திக்கிறது யாரு?” கோபமில்லாமல் சொன்னாள். சற்று நேரம் கழித்து, “ஏத்திக்கிட்டு வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது. ஏத்திக்காம வராமப் போனாலும் எதனால வரலைன்னு தெரியாது. எப்படியும் தெரியாமத்தான் இருக்கப் போறேன். அதைத் தெம்பா இருந்துக்கிட்டே இருக்கேனே” என்றாள். எனக்கு அப்போது பதில் தோன்றவில்லை. இப்போதும் அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது எதுவுமில்லை. மருத்துவம் நூறு பேரைப் பற்றித்தான் பேச முடியும். நூறில் நான் யார் என்பதை எந்தச் சிகிச்சையும் எனக்குச் சொல்லாது. அந்தத் தெரியாமையைப் பயத்தின் கையில் கொடுப்பதா, என் கையிலேயே வைத்துக்கொள்வதா என்பது மட்டும் என்னிடம் விடப்பட்டிருக்கிறது. அக்கா தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். பிறகு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை, தினம் ஒன்று, 5 வருடத்துக்கு. மெதுவாக வளரும் நோயின் ஆபத்தும் மெதுவானது. ஹார்மோனை நம்பி வளர்கிற வகை 20 வருடம் கழித்தும் திரும்பக்கூடும். அதற்கு எதிராக நிற்பது இந்தச் சின்ன மாத்திரைதான். கீமோ என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஊரே வந்திருக்கும். மாத்திரை போடுகிறவளைப் பார்க்க யாரும் வருவதில்லை. காலையில் விரல்கள் மடங்குவதில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது, எலும்பு தேய்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது. பாதியில் நிறுத்திவிடுகிற பெண்கள் நிறைய. நான் தினமும் போனில் கேட்பேன், போட்டாச்சா என்று.

அம்மா வேண்டுதலை விடவில்லை. தை மாதம் எங்களைக் கூட்டிக்கொண்டு பழநி போய், 81 வயதில் தன் முடியை இறக்கினாள். பக்கத்தில் அக்கா, நரையோடிய நீளப் பின்னலுடன், அம்மாவின் தலையில் சந்தனம் பூசினாள். ராத்திரி விடுதி அறையில் அக்கா தண்ணீர் கேட்டு, கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். விரல் சரியாக வளையவில்லை. அம்மா அதை வாங்கித் தானே பிதுக்கிக் கொடுத்தாள்.

“இன்னும் எத்தனை வருசம்டி?”

“நாலே முக்காலும்மா.”

அம்மா வெளிச்சத்தில் அட்டையைத் திருப்பி, மீதி மாத்திரைகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள்.