அழிப்பதற்கு முன் ஒரு பட்டியல்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. பில் போடுவது, சரக்கு இருப்பு, ஊழியர்களின் ஃபைல்கள் எல்லாம் ஒரே சர்வருக்குள். அதைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அதில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. 2014இல் வெளிவந்தது, 2024 ஜூன் 30உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. நின்ற பிறகும் இயந்திரம் ஓடும். ஓடுவதுதான் அபாயம். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த அமைப்பு அது. அடியோடு அழித்துவிட்டு வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவதே சரி என்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானத்தில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சந்தேகம் வேறிடத்தில்.

புதிதாகப் போடுவது சிறிய வேலை. அதற்கு முன் செய்யும் தயாரிப்புதான் பெரிது. தயாரிப்பு என்பது சாராம்சத்தில் ஒரே கேள்வி: எது வேண்டும்? டேட்டாபேஸ் வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை வெறுமனே பிரதியெடுத்தால் நம்ப முடியாது, முறையாக டம்ப் எடுக்க வேண்டும். அமைப்பு விவரங்கள், பயனர் பெயர்கள், பிரிண்டர்கள், குறித்த நேரத்தில் தானாக நடக்கும் காரியங்களைச் சொல்லும் கிரான்டாப் – எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றையே எழுதும் ரெய்டு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். தவறாக அழித்ததையும் அது இரண்டு இடத்திலும் விசுவாசமாக அழிக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை நீக்கிவிட்டார். பல வகையான பேக்கப் ஏற்பாடுகள் அங்கே இருந்தன, அல்லது இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கைகொடுத்தது, வேறு காரியத்துக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதி. மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியே அல்ல. நான் வேறொரு இயந்திரத்தில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தேன்.

கிரான்டாபில் ஒரு வரி, ஞாயிறு இரவு 2.10க்கு. பழைய கணக்கரின் ஃபோல்டரை இரண்டாவது டிஸ்க்கில் பிரதியெடுக்கச் சொல்லும் உத்தரவு. அவர் 2021இல் இறந்துவிட்டார். மூன்று வருஷமாக, ஞாயிறு தவறாமல், இறந்தவரின் ஃபோல்டரை இயந்திரம் பிரதியெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. (இதில் ஒரு கவிதை இருக்கிறது என்றார் நண்பர். இல்லை. ஒரு வரியை நீக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.)

வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கத் திறந்தேன். இது தொழில்காரனின் பதில். பிறத்தியார் ஃபைலைத் திறப்பதில் உள்ள ருசியும் அதில் சேர்ந்திருந்தது என்பதை மறைப்பானேன்? உள்ளே ஒரு பட்டியல். 22 பெயர்கள், சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர்கள். நூல் கொடுத்துப் போர்வையாக வாங்கும்போது, நெசவில் பழுது என்று சொல்லி அவரவர் கூலியில் பிடித்த தொகை. எதிரே, அதே போர்வை பிறகு முழு விலைக்குப் போன தேதி. சில நூறு, சில ஆயிரம். பில் போடும் புரோகிராமில் இந்தக் கணக்கு எங்கும் இல்லை. முதலாளிக்குத் தெரிந்து எழுதினாரா, தம் மனசுக்காக எழுதிவைத்தாரா என்பதை இனி அறிய வழியில்லை.

முதலாளியிடம் போனேன். "அவரோட ஃபோல்டர் ஒண்ணு இருக்குதுங்கண்ணா. தறிக்காரங்க கூலிப் பிடித்தம் எல்லாம் எழுதியிருக்காரு."

"அதெல்லாம் பழசு தம்பி. பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும் வந்துட்டாப் போதும்."

அவர் கெட்டவர் அல்ல. கணக்கரின் மகள் கல்யாணத்துக்கு அவர் செய்ததை நான் அறிவேன். எது வேண்டும் என்று கேட்டேன், சொன்னார். கேள்வியிலேயே பதில் இருந்தது. வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு. அதில் பெயராக மட்டும் இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை.

ஜான் லாக், தம் நூலுக்கு 1694இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், நேற்றிருந்த அதே நபர்தான் இன்றிருப்பவர் என்பதை நிர்ணயிப்பது பிரக்ஞையின் தொடர்ச்சியே என்கிறார். 'நபர்' என்பதே அவருக்கு நீதிமன்றத்துச் சொல்: செயலுக்கு யார் பொறுப்பு என்று சுட்டுவதற்கானது. சிறு வயதில் வாங்கிய அடியை மறந்துவிட்ட தளபதி, அடி வாங்கிய அந்தச் சிறுவன் இல்லையா என்று 1785இல் தாமஸ் ரீட் மடக்கினார். மனிதன் விஷயத்தில் ரீட் பக்கம் சாய்வது சுலபம். மறந்தாலும் உடம்பு அதேதான். வியாபார ஸ்தாபனத்துக்கு உடம்பு ஏது? கணக்குப் புத்தகம்தான் அதன் பிரக்ஞை. அதிலிருந்து ஒரு ஃபைல் போனால், அந்த அளவுக்குக் கடனாளியும் போய்விடுகிறான். அப்படியானால் நான் செய்யப்போவது துப்புரவு வேலை இல்லை.

ஆனால் லாக்கின் ஏற்பாட்டில் கடன் கொடுத்தவனுக்கு இடமில்லை. அவனிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. தறிக்குழிக்குள் கால் தொங்க உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் போர்வை, எவ்வளவு பிடித்தம் என்பது மறந்திருக்காது. பேக்கப் சாஸ்திரம், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும் என்கிறது. வேறு ஊரில் இருக்கத்தான் செய்கிறது. அங்கிருந்து மீட்க யாரும் முயல்வதில்லை.

பழைய சுழல் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் எழுத்துகள் உடனே அழிவதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் புதிதாகிறது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை 22 பெயர்களும் விலாசமில்லாமல் அங்கேயே கிடக்கும். இதை எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். மட்டமான சமாதானம்.

ஃபோல்டரைப் புதிய சர்வரில் அதே பெயரில் அதே இடத்தில் வைத்தேன். ஞாயிறு இரவு 2.10 வரியையும் எழுதினேன். சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

"அது எதுக்குத் தம்பி?"

"முன்னேயே இருந்ததுதானுங்கண்ணா."

"சரி, இருக்கட்டும்" என்றார்.

மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். யாருக்காவது பணம் போனதா என்று நான் இதுவரை கேட்கவில்லை.