வாங்குதலும் தாங்குதலும்

ஒரு பொருளை விரும்பும் மனிதன் முதலில் கேட்பது அதன் விலையை. அந்த விலையைக் கொடுக்கத் தன்னிடம் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும், அப்பொருளுக்குத் தான் தகுதியுடையவன் ஆகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறான். ஆனால் விலை என்பது விற்பவருக்குக் கொடுக்கும் தொகை மட்டுமே. கைக்கு வந்த நாள் முதல் அப்பொருள் கேட்கும் பணம், காலம், கவனம், பொறுப்பு ஆகியவை விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை. விலை கொடுப்பது ஒரு நாளில் முடிந்துவிடும். பாரம் சுமப்பதோ அப்பொருள் உள்ளவரை தொடரும். முன்னது வாங்குதல், பின்னது தாங்குதல்.

இந்த வேற்றுமை எல்லா உடைமைகளிலும் உண்டு. ஒரு குடையிலோ கைக்கடிகாரத்திலோ அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ஸ்போர்ட்ஸ் கார்களில் அது மிகப் பெரிதாகத் தெரிகிறது. அத்தகைய காரை வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கும் அதைப் பற்றிச் சிந்திப்பதால் பயன் உண்டு. சிறு எழுத்துகளை உருப்பெருக்கி வழியே படிப்பதுபோல, உடைமை என்பதன் இயல்பை இந்த எடுத்துக்காட்டின் வழியே தெளிவாகப் படித்துவிடலாம்.

விலையின்மேல் விலை

இத்தாலியிலோ ஜெர்மனியிலோ முழுமையாகத் தயாரிக்கப்பட்டு இந்தியத் துறைமுகத்தில் வந்திறங்கும் ஒரு காரின் மதிப்பு 2 கோடி ரூபாய் என்று கொள்வோம். 2025ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் 40,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அதனுடன் 40 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்க்கப்பட்டதால், மொத்தச் சுமை முன்போலவே 110 சதவீதமாக நின்றது. ஆக 2 கோடி, 4 கோடியே 20 லட்சமாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு விதிக்கப்பட்ட 40 சதவீத ஜி.எஸ்.டி. வரியைச் சேர்த்தால் 5 கோடியே 88 லட்சம். மாநிலச் சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் ஆகியவை இதற்குப் பின்னரே வருகின்றன. கார் ஓர் அடி நகர்வதற்குள் அதன் மதிப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது.

விலை கொடாமல் அன்பளிப்பாகப் பெற்றால் இந்தச் சுமை நீங்குமா? அதற்கும் ஒரு சான்று உண்டு. டெஸ்ட் கிரிக்கெட்டில் 29 சதங்கள் அடித்து டான் பிராட்மேனின் எண்ணிக்கையைச் சமன் செய்ததற்காக, 2002ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மொடேனா கார் ஒன்று பரிசளிக்கப்பட்டது. கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் அதனை அவருக்கு வழங்கினார். அந்தக் காருக்கு இந்தியாவில் செலுத்த வேண்டிய சுங்க வரி சுமார் 1 கோடியே 13 லட்சம் ரூபாய். அரசு அவ்வரிக்கு விலக்களித்தது. அது பொதுமக்களிடையே விவாதமாகி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்காயிற்று. இறுதியில் ஃபியட் நிறுவனமே வரியைச் செலுத்த முன்வந்தது.

இதில் எவரையும் குறைகூற இடமில்லை. சாதனையாளரைப் பாராட்டப் பரிசு வழங்கப்பட்டது. மதிப்பின் அடையாளமாக விலக்கும் அளிக்கப்பட்டது. எனினும் அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒரு பொருளின் விலையை யாரேனும் தள்ளுபடி செய்யலாம்; அதன் பாரத்தை எவராலும் தள்ளுபடி செய்ய இயலாது. ஒருவர் சுமக்காவிட்டால் மற்றொருவர் சுமந்தே ஆகவேண்டும். அரசு விட்டுக்கொடுத்திருந்தால் அச்சுமை பொதுமக்களின் கருவூலத்தின்மேல் விழுந்திருக்கும்.

ஓட்டினாலும் செலவு, ஓட்டாவிட்டாலும் செலவு

வந்து சேர்ந்த கார் இனி என்ன கேட்கிறது? ஃபெராரி நிறுவனம் 1994இல் வெளியிட்ட 355 என்ற காரில், எஞ்சினின் டைமிங் பெல்ட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்த ஒரு பட்டையை மாற்ற எஞ்சின் முழுவதையுமே காரிலிருந்து கீழே இறக்கவேண்டும். கார் குறைவாக ஓடியிருந்தாலும் சலுகை இல்லை. கிலோமீட்டர் மட்டுமன்றி, ஆண்டுகளும் அங்கே கணக்கில் சேருகின்றன.

மற்றப் பாகங்களுக்கும் இதே நியதிதான். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். டயரின் ரப்பர் இறுகிப்போகும். பெட்ரோல் தன் தன்மையை இழக்கும். ஆயில் கசியாமல் காக்கும் சீல்கள் உலர்ந்துபோகும். ஓட்டினாலோ டயரும் பிரேக்கும் தேயும். மீட்டரில் ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டரும் மறுவிற்பனை மதிப்பைக் குறைக்கும். இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த பணிமனைகள் சில பெருநகரங்களில் மட்டுமே உள்ளன. ஆகவே உலகின் மிக வேகமான வாகனங்களில் ஒன்று, லாரியின்மேல் ஏற்றப்பட்டு மெதுவாகப் பயணம் செய்யும் காட்சியும் நம் சாலைகளில் உண்டு.

சாலையில் இறக்கினாலோ வேறு தடைகள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஊர்கள்தோறும் காணப்படும் பல வேகத்தடைகள் இந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பகுதியோ தரையிலிருந்து பெரும்பாலும் 11, 12 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. இதற்கென்றே காரின் முன்பகுதியைச் சில சென்டிமீட்டர் உயர்த்தும் அமைப்பைப் பல நிறுவனங்கள் பொருத்தித் தருகின்றன. குடும்பக் கார் எளிதில் ஏறி இறங்கும் இடத்தில், பல கோடி ரூபாய்க் கார் நின்று, தன்னை உயர்த்திக்கொண்டு, குறுக்காகத் திரும்பி, அடிவயிறு உரசாமல் கடக்கவேண்டியிருக்கிறது.

வேகத்தின் நிலை என்ன? கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச் சாலை 2012இல் திறக்கப்பட்டது. அங்கே கார்களுக்கு வகுக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். குளிர்காலப் பனிமூட்டத்தில் அதனினும் குறைக்கப்படுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் செல்லும் ஆற்றலில் மூன்றில் இரு பங்குக்கு அங்கே வேலையே இல்லை. சில லட்ச ரூபாய்க் காரும் அந்த 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது.

சட்டமும் சாலையும் தடுக்காத இடத்தில்கூட இயற்கையின் வரம்பு உண்டு. 2005இல் வெளிவந்த புகாட்டி வேரான், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் செல்லவல்லது. அதன் பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவு 100 லிட்டர். முழு வேகத்தில் ஓடினால் அது சுமார் 12 நிமிடத்தில் காலியாகிவிடும். இன்பத்தின் உச்சம் எவ்வளவு உயர்கிறதோ, அது நிலைக்கும் காலம் அவ்வளவு குறைகிறது. பிற இன்பங்களிலும் மனிதன் கண்டறியும் இந்தக் கணக்கை, பொறியியலே இங்கு எண்களில் எழுதிக் காட்டிவிட்டது.

யார் யாரை வைத்திருக்கிறார்?

பணச் செலவை ஈடுசெய்யப் பணம் இருக்கிறது. கவனத்தின் செலவை எதைக்கொண்டு ஈடுசெய்வது? விருந்துக்குச் சென்றவர் உணவை உண்ணும்போதும் மனம் வாகன நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது. யாராவது உரசிவிடுவார்களோ, குழந்தைகள் தொட்டு விளையாடுவார்களோ, மழை வந்துவிடுமோ என்ற கவலை. காரைப் பார்த்துப் புன்னகையுடன் அருகில் வரும் சிறுவன் உரிமையாளரின் கண்ணுக்குச் சிறுவனாகத் தெரிவதில்லை. ஒரு கீறலாகத் தெரிகிறான். ஒரு பொருள் மனிதனிடமிருந்து பறிக்கக்கூடியவற்றுள் மிகப் பெரியது இதுவே. சக மனிதரை மனிதராகக் காணும் பார்வையை அது மங்கச் செய்துவிடுகிறது.

அடையாததை அடைதலை யோகம் என்றும், அடைந்ததைக் காத்தலை க்ஷேமம் என்றும் நம் முன்னோர் பிரித்துக் கூறினர். அடையும்வரை ஆசை மனிதனை ஓட வைக்கிறது. அடைந்தபின் அச்சம் அவனை உட்கார விடுவதில்லை. ஓட்டத்துக்கும் காவலுக்கும் இடையே அனுபவித்தல் என்ற ஒன்று நிகழ வேண்டும். அது நிகழாவிட்டால், உரிமையாளர் என்பவர் சம்பளமில்லாத காவலாளியே.

1,758 ரூபாய்

பாரத்தை உணராத உடைமை தன்னையும் பிறரையும் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வேதனையான சான்று ஒன்று உண்டு. 2024 மே 19 அதிகாலையில் புணே நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில், போர்ஷே கார் ஒன்று மோதியதில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தனர். காரை ஓட்டியது 17 வயதுச் சிறுவன் என்று காவல்துறை கூறியது. பின்னர் வெளியான ஒரு விவரம் நாட்டையே திகைக்க வைத்தது. அந்தக் காரின் நிரந்தரப் பதிவு முடிக்கப்பட்டிருக்கவில்லை. செலுத்தப்படாமல் நின்ற கட்டணம் வெறும் 1,758 ரூபாய்.

கோடியைக் கடந்த விலை கொடுக்கப்பட்டது. 1,758 ரூபாய் கொடுக்கப்படவில்லை. அந்தச் சிறுதொகை செலுத்தப்பட்டிருந்தால் விபத்து நிகழ்ந்திராது என்று சொல்ல இயலாது. எனினும் விலைக்கும் பொறுப்புக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக்கூடும் என்பதை அது அளந்து காட்டுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரையும் வாகன உரிமையாளரையும் பொறுப்பாளியாக்குகிறது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமளிக்கிறது. ஒரு வாகனத்தை உடைமையாகக் கொள்வது, அதன் சாவியை யார் எடுக்கிறார்கள் என்பதற்கும் பொறுப்பேற்பது என்று சட்டமே கருதுகிறது. தந்தையின் பணத்தில் காரை வாங்கிவிடலாம். அதைத் தாங்கும் பக்குவத்தைத் தந்தையிடமிருந்து கடன் வாங்க முடியாது.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேறு வழிகளும் உண்டு. சாலை வரி குறைந்த மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு வேறு மாநிலத்தில் ஓட்டுவது அவற்றுள் ஒன்று. 2025 ஜூலையில் பெங்களூரில், மகாராஷ்டிரப் பதிவெண்ணுடன் ஓடிய ஒரு ஃபெராரியின் உரிமையாளர் அபராதம் உட்பட 1 கோடியே 41 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி செலுத்தினார். கார் ஓடும் சாலை அந்த வரியினால் அமைவது. சாலை வேண்டும், அதற்கான பங்கு வேண்டாம் என்பது, வாங்குதலை ஏற்றுத் தாங்குதலை மறுக்கும் மனநிலையே.

ஒரு நியாயமான ஆட்சேபம்

‘நேர்மையாக ஈட்டிய பணத்தில் ஒருவர் தாம் விரும்பியதை வாங்குவதில் என்ன தவறு?’ என்று கேட்கலாம். தவறில்லை. அத்தகைய கார் நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் கைவினைஞர்களும் பல்லாண்டு உழைத்துப் படைத்தது. அதன் வடிவிலும் ஒலியிலும் ஓர் அழகு இருக்கிறது. அழகை விரும்புவது பாவமாகாது. உரிய வரியைச் செலுத்தி, முறையாகப் பராமரித்து, வேகத்தைப் பொதுச் சாலையில் காட்டாமல் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களில் மட்டும் காட்டி, அருகில் வரும் சிறுவனை அன்போடு உள்ளே அமர்த்தி மகிழ்விப்பவர் உண்மையிலேயே அந்தக் காரின் உரிமையாளர். அவரைப் பார்த்து முகம் சுளிப்பவர் தம் உள்ளத்தில் இருப்பது விவேகமா, பொறாமையா என்று சோதித்துக்கொள்வது நல்லது.

வாங்க இயலாத காரணத்தால் வாங்காமல் இருப்பவர் பற்றற்றவர் ஆகிவிடுவதில்லை. கையில் இல்லாத காரை மனத்தில் நிறுத்தி, அதன் நிழலில் தம் சொந்த வாழ்வை அற்பமாகக் கருதுபவரும் அப்பொருளுக்கு அடிமையே. பராமரிப்புச் செலவு மட்டும் அவருக்கு இல்லை. ஏக்கத்தின் செலவு உண்டு.

தாங்குதல் எவ்வாறு?

2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வணிக உடன்பாடு, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கார்களுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதம் வரை குறைக்க வழிசெய்கிறது. நாளை இத்தகைய கார்களின் விலை இறங்கலாம், வாங்குவோர் பெருகலாம். வாங்குதல் எளிதாகும் காலத்தில்தான் தாங்குதலைப் பற்றிய கேள்வி முன்னைவிட இன்றியமையாததாகிறது. பணத்தின் தடை விலகும்போது, விவேகத்தின் தடை மட்டுமே எஞ்சி நிற்கும்.

ஒரு பொருள் வீட்டுக்குள் வருமுன் அதை விரும்புபவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. இதன் விலைக்குப் பிறகு இது கேட்கப்போவது என்ன? அதைக் கொடுக்கும்போது முகம் மலருமா, சுருங்குமா? இதனால் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்குப் பொறுப்பேற்க உள்ளம் இசைகிறதா? இது நாளை கீறலுற்றால், உடைந்தால், கைவிட்டுப் போனால், இதைப் பெறுவதற்கு முன்பிருந்த அதே மனிதராக நிற்க முடியுமா?

இக்கேள்விகள் ஃபெராரிக்கு மட்டும் உரியவை அல்ல. கடன்பட்டுக் கட்டும் மாடி வீட்டுக்கும், பூட்டியே வைத்திருக்கும் நகைக்கும், பதவிக்கும், புகழுக்கும் இவை பொருந்தும். தாங்கும் வலிமையை அளந்து வாங்குபவரிடம் பொருள் கருவியாக அடங்கியிருக்கும். அளவறியாது வாங்குபவரை அது தன் ஏவலாளாக வைத்துக்கொள்ளும்.