புதிய வீடும் உண்மைக் கணக்கும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது எம்மவரின் பழமொழி. இதைச் சொல்லுபவர்கள் பெரும்பாலும் செலவையும் அலைச்சலையும் மனதில் வைத்தே சொல்லுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு காரியங்களையும் முன்னோர் ஒன்றாகச் சேர்த்துப் பேசியதற்கு வேறொரு காரணமும் உண்டென்று நாம் எண்ணுகிறோம். இரண்டிலும் ஒருவர் கையெழுத்து வைக்க, ஒரு குடும்பம் முழுவதும் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறது. அப்படியானால் வீட்டுக் கணக்கு வெறும் எண் கணக்குத்தானா, அல்லது தர்மக் கணக்கும் அதனுள் அடங்கியிருக்கிறதா என்ற கேள்வியைக் கோயிற் குடும்பங்களாகிய நாம் ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

திருவள்ளுவர் வரவையும் செலவையும் அளந்து பார்ப்பது பற்றிப் பேசும் இடம் ஒன்று உண்டு. அது பொருள் ஈட்டுவது பற்றிய அதிகாரத்தில் இல்லை. 48-ஆம் அதிகாரமாகிய வலியறிதலின் இறுதிப் பகுதியில் இருக்கிறது. தன் வலிமை எவ்வளவு என்று அறிவதும், தன் கையிருப்பு எவ்வளவு என்று அறிவதும் அவருக்கு ஒரே அறிவுதான். தன்னை அறியாதவன் செய்யும் நல்ல காரியமும் அவனைக் கெடுத்துவிடும் என்பது அதன் உட்பொருள்.

இனி நாம் வாழும் மெல்பேண் நகரைப் பார்ப்போம். இங்கே புதிதாகத் திறக்கப்படும் புறநகர்களில் எம்மவர் பலர் காணி வாங்கி வீடு கட்டுகிறார்கள். காட்சி வீட்டைப் பார்க்கப் போனால் ஒரு தொகையைச் சொல்லுவார்கள். அது தொடக்க விலை. எமது காணியில் அந்த வீட்டை எழுப்பி முடிக்கும் விலை அதுவன்று. மண் பரிசோதனை முடிந்த பின்புதான் அத்திவாரத்தின் செலவு தெரியவரும். அவுஸ்திரேலியத் தரவிதி 2870 கட்டுமான நிலத்தை ஏ, எஸ், எம், எச்1, எச்2, ஈ, பி என்று வகைப்படுத்துகிறது. மேற்குப் புறநகர்களில் காணப்படும் எரிமலைப் பாறையிலிருந்து உண்டான களிமண் ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் தன்மை உடையது. அத்தகைய மண்ணுக்குக் கூடுதலான கொங்கிறீற்றும் கம்பியும் வேண்டும். வெட்டும்போது கருங்கல் அகப்பட்டால் அதை உடைத்து அகற்றும் செலவு வேறு.

இதைத் தவிர, ஒப்பந்தத்தில் "உத்தேசத் தொகை" என்று சில வேலைகளுக்கும், "பொருள் ஒதுக்கீடு" என்று குழாய், அடுப்பு போன்றவற்றுக்கும் ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். உண்மையான செலவு அதை மிஞ்சினால் மிகுதி எம்முடையது. வேலி, டிரைவ்வே, திரைச்சீலை, தோட்டம், சில வேளைகளில் தரைவிரிப்பு ஆகியன ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும். வீடு கட்டி முடியும்வரை கொடுக்க வேண்டிய வாடகையையும், அதே காலத்தில் வங்கிக்குக் கட்ட வேண்டிய வட்டியையும் யாரும் எமக்கு எழுதித் தருவதில்லை. குடிபூரலுக்கு வரும் உறவினருக்குச் சாப்பாடு கொடுக்கும் செலவும் இருக்கிறது.

இவற்றை எல்லாம் அறியாமல் இருப்பது ஒன்று. அறிந்தும் எழுதாமல் விடுவது வேறொன்று. எமது வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். மொத்தத் தொகையைக் கண்டால் மனம் பின்வாங்கும் என்ற பயத்தினால் சில வரிகளை எழுதாமல் விடுகிறோம். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். இதனை நாம் நம்பிக்கை என்று அழைக்கிறோம். சிலர் கடவுள் விட்ட வழி என்றும் சொல்லுகிறார்கள். ஆனால் "பிறகு பார்த்துக்கொள்பவர்" யார் என்று கேட்டால் விடை தெளிவாகிவிடும். வார இறுதியிலும் இரவு வேலைக்குப் போகும் மனைவி பார்த்துக்கொள்கிறார். பிள்ளையின் நீச்சல் வகுப்பு பார்த்துக்கொள்கிறது. ஊரில் மாதாந்தம் காசு எதிர்பார்த்திருக்கும் தாய் தகப்பன், "இந்த மாதம் கொஞ்சம் குறைவு" என்ற தொலைபேசிச் செய்தியைக் கேட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். எழுதாமல் விட்ட செலவும் செலவுதான். அதைச் சம்மதம் கேளாமலே இன்னொருவர் தலையில் எழுதிவிடுகிறோம். தர்மம் தவறுவது இந்த இடத்தில்தான்.

"இப்படி எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் எங்கள் அப்பாமார் ஒரு வீடும் கட்டியிருக்க மாட்டார்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்படவில்லை. முதலில் ஓர் அறையும் குசினியும் எழும்பும். கையில் காசு சேர்ந்தபோது விறாந்தை வரும்; மகளின் கலியாணப் பேச்சுத் தொடங்கும்போது முன்மண்டபம் முடியும். பூசாத சுவருடன் பல ஆண்டுகள் இருந்த வீடுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதாவது அவர்கள் எண்ணாமல் கட்டவில்லை. கட்டுவதே அவர்களுக்கு எண்ணுவதாக இருந்தது. காசு நின்ற இடத்தில் சுவரும் நின்றது. இங்கே அந்த வசதி இல்லை. முழு வீட்டுக்கும் ஒரே நாளில் ஒப்பமிடுகிறோம். 30 ஆண்டுக் கடனுக்கும் ஒப்பமிடுகிறோம். சுவர் எமக்காக நிற்காது. ஆகவே அங்கே கட்டும்போது செய்த கணக்கை இங்கே கட்டுமுன் செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அண்மைய ஆண்டுகள் இதற்கு நல்ல பாடம். 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு புதிய வீடு கட்டுவோருக்கு 25,000 டொலர் உதவித்தொகை அறிவித்தது. 2021 தொடக்கத்தில் அது 15,000 ஆயிற்று. 2020 நவம்பரில் மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.10 ஆக இறங்கியிருந்தது. 2022 மே மாதம் அது ஏறத் தொடங்கி, 2023 நவம்பரில் 4.35 வீதத்தை எட்டியது. 600,000 டொலரை 30 ஆண்டுக்கு 2 வீத வட்டியில் எடுத்தால் மாதம் ஏறத்தாழ 2,218 டொலர் கட்ட வேண்டும். 6 வீதமானால் 3,597 டொலர். இடையிலுள்ள 1,379 டொலரைத் தாங்க முடியுமா என்று முன்னரே கேட்ட குடும்பமும், கேளாத குடும்பமும் ஒரே தெருவில் ஒரே மாதிரியான வீட்டில்தான் இருந்தன. வெளியே தெரியவில்லை, உள்ளே தெரிந்தது.

கட்டுபவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. விக்டோரியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பனவுகளைப் படிப்படியாகப் பிரித்தது: வைப்புப் பணம் 5 வீதம், அத்திவாரம் 10, சட்டகம் 15, கூரையும் கதவு யன்னலும் பொருத்தியபின் 35, உள்வேலை 25, மீதி 10 முடிவில். செய்த வேலையை விட்டுக் காசு வெகுதூரம் முன்னே ஓடக்கூடாது என்பதே இதன் நீதி. ஆயினும் மரமும் இரும்பும் விலையேறிய காலத்தில், பழைய விலைக்கு ஒப்பமிட்ட பல கட்டுநர்கள் விழுந்தார்கள். 2023 மார்ச் 31-இல் போர்ட்டர் டேவிஸ் நிறுவனம் மூடப்பட்டபோது விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் நடுவில் நின்றன. காப்புறுதி எடுக்கப்படாமலே வைப்புப் பணம் கொடுத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்காக மாநில அரசே ஒரு திட்டம் வகுக்க நேர்ந்தது.

அந்தக் குடும்பங்களில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எல்லோருக்குமான ஒரு கேள்வி அதில் உண்டு. மூன்று பேரிடம் விலை கேட்டு, அதில் ஒன்று மற்றவற்றிலும் மிகக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கிறோமா? யாரோ ஒரு தச்சனின் கூலியிலிருந்தோ, கட்டுநர் தமக்கே சொல்லிக்கொண்ட பொய்யிலிருந்தோ அது வருவதாக இருந்தால், அதை "மலிவு" என்று மகிழ்வது அறமாகாது, புத்திசாலித்தனமும் ஆகாது. வைப்புப் பணம் கொடுக்குமுன் காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டு வாங்குவது சந்தேகப்படுவதாகாது. இரு பக்கத்தாரும் நேர்மையாக நிற்பதற்கு வழி அது.

அப்படியானால் கணக்கை எப்படி எழுதுவது? நாம் சொல்லக்கூடியது இதுதான். பெற்றோருக்கு அனுப்பும் காசையும், பிள்ளைகளின் படிப்பையும், கோயிலுக்குச் சொன்ன வாக்கையும் "மிச்சம் வந்தால்" என்ற இடத்தில் எழுதாமல், வங்கித் தவணைக்கு மேலே எழுதுவோம். எதிர்பாராத செலவுக்கென நூற்றுக்குப் பத்தாவது ஒதுக்குவோம். வட்டி இன்னும் இரண்டு வீதம் ஏறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்கிடுவோம். உறவினரிடம் கைமாற்று வாங்குவதானால், சீட்டுக் காசை எடுப்பதானால், அதையும் கடனென்றே எழுதுவோம். வட்டி கேளாத கடனுக்கு வட்டியாக உறவு கொடுக்கப்படுகிறது. பிறகு கூட்டிப் பார்ப்போம். தொகை மிஞ்சினால் வீட்டைக் குறைப்போம். படம் பார்க்கும் தனியறையும் இரண்டாவது சமையலறையும் இல்லாமல் ஒரு குடும்பம் நன்றாகவே வாழலாம். சுவாமிக்கு ஒரு சிறிய சுத்தமான மூலை போதும்.

கோயில்களும் இதிலிருந்து விலக்கல்ல. வீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம், பலர் முன்னிலையில், தாங்க முடியாத நன்கொடையை எதிர்பார்ப்பது முறையன்று. அவர்கள் இந்த ஆண்டு பூக்கட்டி உதவினாலும் அது திருப்பணியே.

முக்கியமாக, அந்தக் கணக்குத் தாளை ஒருவர் மட்டும் வைத்திருக்க வேண்டாம். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்து, வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்து, எல்லா வரிகளையும் வாசித்துப் பார்க்கட்டும். யாருடைய உழைப்பு எந்த வரியில் இருக்கிறதோ, அவர் அந்த வரியைக் கண்டு "சரி" என்று சொல்லட்டும். யாரும் "சரி" சொல்லத் தயங்கும் வரி ஒன்று இருந்தால், நாளும் நட்சத்திரமும் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பார்ப்போம். அதன்பின் கல் நாட்டலாம்.