தண்ணீருக்கு முன்னால்



நாய் வளர்க்கிற வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் போதும். நாயை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் வேட்டியிலும் புடவையிலும் அதன் முடி நாலைந்து உங்களோடு பஸ் ஏறி வந்திருக்கும். அந்த வீட்டுப் போர்வையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். துவைத்து, வெயிலில் காயப் போட்டு, மடிக்கப் போனால் முடி அப்படியே இருக்கிறது என்று சலித்துக்கொள்ளாத நாய்ப் பிரியர் யார்?

இதில் நாயையும் குற்றம் சொல்ல வேண்டாம், சோப்பையும் குற்றம் சொல்ல வேண்டாம். தண்ணீரை நாம் அவசரப்பட்டு முதலில் கூப்பிட்டுவிடுகிறோம், அவ்வளவுதான்.

உருப்பெருக்கியில் பார்த்தால் விலங்கின் முடி வழவழப்பாக இருக்காது. கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி அதன் மேல் செதில்கள் அடுக்கியிருக்கும், எல்லாம் நுனியைப் பார்த்தபடி. அதனால் முடி ஒரு பக்கமாக எளிதில் நகரும், எதிர்ப்பக்கம் இழுத்தால் அடம்பிடிக்கும். அதை ஈரமாக்கி அலசினால், ஒவ்வொரு புரட்டலிலும் துணிக்குள் இன்னும் கொஞ்சம் நுழைந்துகொள்ளும். செம்மறியாட்டு முடி வெந்நீரிலும் கசக்கலிலும் திரண்டு இறுகி, நெய்யாமலே துணியாகிறதே, அதற்குக் காரணமும் இதே குணம்தான்.

நாய் முடியை விரும்பிப் போர்வைக்குள் சேர்த்தவர்களும் உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் கோஸ்ட் சாலிஷ் மக்கள், முடிக்காகவே ஒரு நாய் இனத்தைத் தனியாக வளர்த்தார்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாமல் பாதுகாத்து, ஆட்டுக்குக் கத்தரிப்பது போலக் கத்தரித்து, மலையாட்டு ரோமத்தோடு சேர்த்து நூற்றுப் போர்வை நெய்தார்கள். 1792 இல் அந்தப் பக்கம் கப்பலில் போன ஜார்ஜ் வான்கூவர், முடி ஒட்டக் கத்தரித்த நாய்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த இனம் இப்போது இல்லை. ‘மட்டன்’ என்று பெயர் வைத்திருந்த ஒரே ஒரு நாயின் தோல், 1859 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023 இல் அதன் மரபணுவைப் படித்து ஆராய்ச்சிக் கட்டுரையும் வந்தது. (நாய்க்கு மட்டன் என்று பெயர் வைத்தவரின் குறும்பை என்னவென்று சொல்ல!)

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் குட்டை முடி நாய்கள். அவற்றால் தொல்லை இருக்காது என்று நினைப்பது தப்புக் கணக்கு. நீள முடி சுருண்டு உருண்டையாகி மேலேயே கிடக்கும், வாரி எடுத்துவிடலாம். குட்டை முடி விறைப்பானது. நெசவின் இடைவெளியில் செங்குத்தாக இறங்கி நின்றுகொள்ளும். ‘கம்பளி’ என்று கடையில் கொடுக்கும் புசுபுசுப் போர்வை பெரும்பாலும் பாலியஸ்டர். காற்றில் ஈரம் குறைந்த ஏசி அறையில், உரசலில் அதில் நிலைமின்சாரம் ஏறும். பிறகு முடியைத் தானே கூப்பிட்டு ஒட்டவைத்துக்கொள்ளும்.

எனவே முதல் வேலை உலர்ந்த போர்வையில். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, லேசாக நனைத்து உதறிவிட்டு, போர்வையை ஒரே திசையில் தடவிக்கொண்டே வாருங்கள். ரப்பரின் பிடிப்பில் முடி எழும்பித் திரிதிரியாகச் சேரும். பெரிய விரிப்பு, கார்ப்பெட் என்றால் தரை துடைக்கும் வைப்பரின் ரப்பர் ஓரம் இன்னும் நன்றாக வேலை செய்யும். அதற்கென்று புதிதாக ஒன்று வாங்குங்கள், குளியலறையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! ஒட்டும் டேப் பேன்ட்டுக்குச் சரி. போர்வைக்கு என்றால் ஒரு சுருளும் காணாது. மொட்டை மாடியில் காற்று போகும் பக்கமாக உதறிவிட்டு, அதற்குப் பிறகு துவையுங்கள். மிஷினில் திணிக்காமல், புரள இடம் விட்டுப் போடுங்கள். முடிந்ததும் ஃபில்டரைக் கழுவிவிடுங்கள்.

முடி போனாலே போதுமே, துவைப்பது எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் யாருக்காவது தும்மல், மூச்சிரைப்பு இருந்தால் போதாது. ஒவ்வாமையைக் கிளப்புவது விலங்கின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதங்கள். பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்கிறதே, அப்போது அந்த எச்சில் முடியெல்லாம் பரவிவிடும். அதைப் போக்கத் தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை நாயின் மேலேயே இருக்கிறது: சீப்பு. குளிர் நாடுகளில் பகல் நீள்வதையும் குறைவதையும் ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு ராத்திரி வரை வீட்டில் விளக்கு. அதனால் இங்கே பல நாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருஷம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும். வாசலில் உட்கார வைத்து வாரிவிட்டால், போர்வைக்குப் போக வேண்டியது சீப்போடு நின்றுவிடும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று லாப்ரடாருக்கு மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். தோலுக்கு வெயிலிலிருந்து அந்த முடிதான் காப்பு.

வாரி எடுத்த முடியைத் தோட்டத்தில் போட்டால் குருவி கூடு கட்டும் என்று சிலர் ஆசையாகப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் சிறு பறவைகளின் கூடுகளை ஆராய்ந்தபோது, உள்ளே மெத்தையாகக் கிடந்த முடியில் நாய்க்கும் பூனைக்கும் போடும் தெள்ளுப்பூச்சி மருந்து இருந்தது. குஞ்சுகள் கிடப்பது அதன் மேல்தான். உங்கள் நாய்க்கும் தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்து போடுகிறீர்கள் என்றால், அந்த முடியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிடுங்கள்.