விதையும் வேரும்

பெங்களூருவை அடுத்த ஹெப்பகோடிக்கு மேற்கே விரியும் பன்னேர்கட்டா போன்ற இலையுதிர் காடுகளில் முட்கொடியாகப் படர்வதும், கன்னடத்தில் ‘பல மக்களின் தாய்வேர்’ எனப் பொருள்படும் பெயர் பெற்றதுமான தண்ணீர்விட்டான், காரணத்துக்குள் காரியம் முன்பே உள்ளதா என்னும் பழைய வினாவை எழுப்பவல்லது. உள்ளது என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம். முன்பு இல்லாததே புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய தரிசனத்தின் அசற்காரியவாதம். காட்டுவிதையிலிருந்து முளைப்பது தாய்க்கொடியின் வேறான புதுக்கொடி. பெயர்த்து நட்ட வேரிலிருந்து தழைப்பதோ இடம் மாறிய அதே கொடி என்பதால், வேர் சற்காரியவாதிக்கு எளிய சான்றாகத் தோன்றலாம். ஆனால் கொத்தாகத் தொங்கும் கிழங்குகளில் ஒன்றை, மொட்டுள்ள தலைப்பகுதி ஒட்டியிராமல், ஒடித்து நட்டால், எவ்வளவு நீர் தேங்கியிருந்தும் அது துளிர்ப்பதில்லை. சித்தாந்தி கலங்கமாட்டார்: பானைக்கு மண்போல மொட்டு முதற்காரணம், சக்கரம்போலக் கிழங்கு துணைக்காரணம் என்பார். நியாயவாதியின் கேள்வி அப்போதும் நிற்கும்: மொட்டைப் பிளந்தால் கொடி எங்கே?