துப்பாக்கியை யாரிடம் கற்பது?

பிளாட்டோ என்றால் நம்மில் பலர் 'குடியர'சோடு நிறுத்திக்கொள்கிறோம். 'லாகஸ்' என்ற சிறிய உரையாடல், ஆயுதப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. இரண்டு தகப்பன்மார். அவர்களுடைய தகப்பன்மார் பெரிய மனிதர்கள். தாங்கள் ஒன்றுமில்லாமல் போனதில் இவர்களுக்கு வெட்கம். பிள்ளைகளாவது உருப்படட்டும் என்று, கவசம் பூண்டு சண்டையிடும் வித்தையைக் கற்பிக்கிற ஸ்டெசிலாவோஸ் என்பவனின் காட்சியைப் பார்க்க வருகிறார்கள். யோசனை சொல்ல இரண்டு தளபதிகள். நிகியாஸ் சேர்க்கலாம் என்கிறார். லாகஸ் வேண்டாம் என்கிறார். போரைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாத ஸ்பார்ட்டாவில் இந்த வாத்தியார்கள் ஏன் காலே வைப்பதில்லை என்பது அவருடைய கேள்வி. இதே ஸ்டெசிலாவோஸ் ஒரு கடற்சண்டையில், அரிவாள் பொருத்திய தன் விசேஷ ஈட்டி எதிரிக் கப்பலின் கயிறுகளில் மாட்டிக்கொள்ள, அதை விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் தளத்தில் ஓடிய கதையையும் சொல்லிச் சிரிக்கிறார். சாக்ரடீஸ் வந்ததும் பேச்சு வேறு திசையில் போகிறது. வித்தை கிடக்கட்டும், வீரம் என்பது என்ன என்கிறார். யாருக்கும் தெரியவில்லை. நாளைக் காலை பார்க்கலாம் என்று கலைந்துவிடுகிறார்கள்.

ஆவடிப் பக்கம் வசிப்பவனுக்கு இது வெறும் ஏட்டுச் சமாசாரமல்ல. 1955 ஜனவரியில் காங்கிரஸ் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர்; பத்து வருஷத்தில் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. மத்திய ரிசர்வ் போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்வேலி. (ஊரின் பெயரே ராணுவக் கிடங்கின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. நம்ப வேண்டியதில்லை.) வங்கிக் கிளைகளில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். அப்படி ஒருவருடைய மகன், பட்டதாரி, வேலையில்லாதவன், பணம் ஏற்றிச் செல்லும் வண்டியில் காவலாளாகச் சேர நினைக்கிறான். சுடக் கற்க எந்த இடம் நல்லது என்று என்னிடம் கேட்டான். அப்பாவைக் கேளேன் என்றேன். "அவர் வேண்டாம்னு சொல்றாரு சார்" என்றான்.

ஒரு பள்ளி நல்லதா என்று தீர்மானிக்கிற அறிவு எவனிடம் இருக்கிறதோ அவனுக்குப் பள்ளி தேவையில்லை. தேவைப்படுகிறவனிடம் அந்த அறிவு இல்லை. எல்லாப் படிப்புக்கும் பொதுவான சங்கடம்தான் இது. ஆனால் மோசமான சங்கீத வாத்தியாரால் கேட்கிறவர்களுக்குக் காதுவலி மட்டுமே வரும். சட்டத்துக்கும் இது உறைத்திருக்கிறது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள், லைசென்ஸ் கேட்பவன் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்கின்றன. பத்திரமாகக் கையாள்வது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு. சட்டத்தால் கேட்க முடிந்தது இவ்வளவுதான். குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம், சோதிக்கலாம். திருப்புகிறவன் எப்படிப்பட்டவன் என்பதற்குப் படிவம் கிடையாது.

மகாபாரதத்தில் இதற்கு ஒரு பயங்கரமான சித்திரம் இருக்கிறது. போர் முடிந்து, தூங்குகிறவர்களைக் கொன்றுவிட்டு வந்த அசுவத்தாமன் பிரம்மசிரஸை ஏவுகிறான். அர்ஜுனனும் ஏவுகிறான். ரிஷிகள் குறுக்கே வந்து நிற்க, அர்ஜுனன் தன் அஸ்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை, கர்ப்பத்திலிருக்கும் சிசுவின்மேல் திருப்புகிறான். இருவரும் ஒரே பள்ளி, ஒரே ஆசான். மகனுக்குப் பக்குவமில்லை என்று துரோணருக்குத் தெரியும். மனிதர்மேல் ஏவாதே என்று எச்சரித்துத்தான் கொடுக்கிறார். தெரிந்தும் ஏன் கொடுத்தார்? மகன் என்பதால். ஏகலைவனை ஏன் திருப்பி அனுப்பினார்? வேடன் என்பதால். மறுத்ததையும் கொடுத்ததையும் இரண்டு தனித்தனிக் கதைகளாகப் படித்துப் பழகியிருக்கிறோம். எனக்கு அவை ஒரே குற்றமாகப் படுகின்றன. இரண்டு இடத்திலும் பார்க்கப்பட்டது பிறப்பு. மாணவனின் சுபாவம் அல்ல. நல்ல ஆயுதப் பள்ளி சிலரையாவது திருப்பி அனுப்பும் என்று சொல்லத் துணிகிறவன், துரோணர் யாரைத் திருப்பி அனுப்பினார் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நாம் அதைத் தொடுவதில்லை. 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஆண்ட சென்னை ராஜதானியில் சுடக் கற்க இடமில்லை. பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்தது. வாஞ்சிநாதனுக்கு அங்கே பயிற்சி கொடுத்தவர் வ.வே.சு. ஐயர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி. கலெக்டர் ஆஷ் சுடப்படுகிறார். வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொள்கிறான். ஆசான் உயிரோடிருந்தார். சிறுகதைகள் எழுதினார், காந்தியின் வழிக்கு வந்தார், பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விமர்சன நூல் எழுதினார். பிறகு சேரன்மாதேவியில் குருகுலம். அங்கே சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்பதில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே பிளந்தது. கைத்துப்பாக்கியைக் கொடுக்கத் தயங்காத கை, பொதுப்பந்தி போடத் தயங்கியது. 'குளத்தங்கரை அரசமர'த்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், முதல் சிறுகதையா இல்லையா என்று சண்டை போட்டுவிட்டு, புதுச்சேரியையும் சேரன்மாதேவியையும் அரசியல்காரர்களிடம் விட்டுவிடுகிறோம். ஒரு மனிதர் தம் மாணவர்களுக்கு எதைக் கொடுத்தார், எதை மறுத்தார் என்பது விமர்சனத்துக்கு வெளியே இருக்க முடியுமா என்ன?

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவன் கேட்டது சம்பளத்துக்கு. ஆத்மாவைப் பற்றி விசாரிக்க, ஏதென்ஸின் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அவகாசம் இருந்தது. ஆனாலும் அவன் தகப்பனார் சொன்ன 'வேண்டாம்' என்னை விடவில்லை. லாகஸின் 'வேண்டா'மைவிடக் கனமானது அது. ராணுவத்தில் அவர் சுட்டிருக்கலாம், சுடாமலும் இருந்திருக்கலாம், நான் கேட்டதில்லை. வங்கியில் அவருக்குச் சம்பளம் சுடாமலிருப்பதற்கு. காலையில் தோட்டாக்களை எண்ணி வாங்கி, மாலையில் அதே எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். இந்த வித்தையை எந்தப் பள்ளியும் விளம்பரம் செய்வதில்லை.

பையன் இரண்டு இடங்களில் விசாரித்திருந்தான். ஒன்றில் சீக்கிரம் சான்றிதழ் தருகிறார்களாம். மற்றதில் முதல் சில நாட்கள் தோட்டாவையே கண்ணில் காட்டுவதில்லையாம். பிரித்துத் துடைக்கச் சொல்கிறார்களாம், கட்டணமும் கூட. இரண்டாவதற்குப் போ என்றேன். "மிச்சப் பணத்துக்கு வங்கியில லோன் கிடைக்குமா சார்?" என்று கேட்டான்.