முடிவும் விளைவும்

ஒருவன் மேற்கொண்ட முடிவு நல்லதா, தீயதா என்பதை எதனைக் கொண்டு அளப்பது? விளைவைக் கொண்டு அளப்பதே உலக வழக்கு. வென்றவனை அறிவுடையோன் என்று போற்றும் உலகம், தோற்றவனைப் பேதை என்று இகழும். இவ்வழக்கு முறையானதுதானா? இதனை ஆராய்வதற்கு உயர்ந்த தத்துவ நூல்களை மட்டுமே நாட வேண்டும் என்பதில்லை. சான்றோர் முகம் சுளிக்கும் சீட்டாட்ட மேசையும் இவ்வினாவுக்கு விளக்கம் தரக்கூடும்.

போக்கர் ஆட்ட வகைகளுள் உலகெங்கும் பரவியிருப்பது டெக்சஸ் ஹோல்டெம். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் ஐந்து சீட்டுகள் மேசை நடுவே அனைவர்க்கும் பொதுவாக விரிக்கப்படும். இந்த ஏழனுள் சிறந்த ஐந்தைக் கொண்டு வலிய தொகுதியை அமைப்பவன் வெல்வான். ஆயின், பொதுச்சீட்டு ஒன்றேனும் விரியுமுன்னரே முதற் பந்தயச் சுற்று நிகழ்ந்துவிடும். விலகுவதா, பிறர் வைத்த தொகைக்கு ஈடு வைப்பதா, தொகையை உயர்த்துவதா என்பதைக் கையிலுள்ள இரண்டை மட்டும் கண்டு முடிவு செய்ய வேண்டும். காணாத ஐந்தைக் குறித்துக் கண்ட இரண்டைக் கொண்டு செய்யும் முடிவு அது. மனித வாழ்வின் முடிவுகளுள் பெரும்பாலானவை இத்தகையனவே அன்றோ?

இச்சுற்றில் தொடக்கநிலையாளன் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சிலவே. முதலாவது, பெரும்பாலான கைகளை ஆடாது விட்டுவிடுதல். 52 சீட்டுகளிலிருந்து இரண்டினைப் பெற 1326 வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டு ஏஸ் அமைவது 6 வழிகளில் மட்டுமே. அதாவது, சராசரியாக 221 முறைக்கு ஒருமுறை. நல்ல கை அரிது. ஆதலின் பொறுமையே முதற்பாடம். இரண்டாவது, இடமறிதல். வரிசையில் முன்னே முடிவு செய்பவன் பின்னுள்ளோர் உள்ளத்தை அறியான். இறுதியில் முடிவு செய்பவனோ அனைவர் செயலையும் கண்டறிந்து செய்கிறான். எனவே, முன்னிடத்தில் மிகச் சில கைகளையும் பின்னிடத்தில் சற்று மிகுதியான கைகளையும் ஆடலாம். மூன்றாவது, முதலில் நுழைபவன் வெறுமனே ஈடு வைக்காது தொகையை உயர்த்துதல். உயர்த்துபவனுக்குப் பிறர் விலகுவதாலும் வெற்றி கிட்டக்கூடும். ஈடு வைப்பவனுக்கு அக்கணத்தில் அவ்வழி இல்லை. நான்காவது, இழந்ததைத் துரத்தாமை. சீட்டு வழங்குமுன் இருவர் கட்டாயப் பந்தயம் வைப்பர். வைத்த அப்பொழுதே அப்பணம் பொதுக்குவியலுக்கு உரியதாகிவிடுகிறது. அதனை மீட்கும் ஆசை ஒன்றாலேயே வலிமையற்ற கையுடன் தொடர்வது மேலும் இழப்பதற்கே வழியாகும்.

இந்நெறிகளைக் கற்பது எளிது, காப்பதே அரிது. ஒருவன் ஏழும் இரண்டும் பெற்று, அவற்றின் சிறுமையறிந்து விலகுகிறான் எனக் கொள்வோம். அடுத்து விரியும் பொதுச்சீட்டுகளில் இரண்டு ஏழுகளும் ஓர் இரண்டும் வந்துவிடுகின்றன. 'ஆடியிருந்தால் குவியல் முழுவதும் எனதாகியிருக்குமே!' என்று அவன் நெஞ்சம் வேகிறது. அடுத்த முறை அதே கையை அவன் விடமாட்டான். அவனுடைய வீழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. மறுபுறம், இரண்டு ஏஸ் வைத்திருப்பவன் தொகையை உயர்த்துகிறான். எதிரியிடம் இரண்டு ராஜா. ஐந்து பொதுச்சீட்டுகளும் விரியும்வரை இருவரும் ஆடினால், ஏறத்தாழ நூற்றுக்கு 82 முறை ஏஸ் வெல்லும். ஏறத்தாழ 18 முறை தோற்கும். அந்தப் பதினெட்டில் ஒன்று இன்று நேர்ந்ததற்காகத் தன் முடிவே தவறென்று அவன் எண்ணினால், நல்ல நெறியைக் கைவிட்டவனாகிறான்.

லாஸ் வேகாஸ் நகரில் 1970ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் போக்கர் போட்டித் தொடர் இதற்கொரு சான்று தருகிறது. அதன் தலைமைப் போட்டியில் 1976, 1977 ஆகிய ஈராண்டுகளிலும் டாயில் பிரன்சன் வெற்றி வாகை சூடினார். இருமுறையும் இறுதி ஆட்டத்தில் அவர் கையிலிருந்தவை பத்தும் இரண்டும்! அக்கை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆயினும், இரண்டு மாபெரும் வெற்றிகளால் அது வலிய கையாகிவிடவில்லை. எஞ்சியிருந்த ஒரே எதிரியை நோக்கி, நெடுங்கால அனுபவமுடைய ஒருவர் ஆடியது அது. பலர் அமர்ந்த மேசையில் அதனைப் பின்பற்றும் புதியவன் பிரன்சனின் அறிவைப் பின்பற்றவில்லை. அவருக்கு வாய்த்த விளைவையே பின்பற்றுகிறான்.

'அவ்வாறாயின் விளைவுக்குப் பொறுப்பே இல்லையா? நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று எவரும் தப்பிவிடலாமே!' என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் மெய்யியல் அறிஞர் இருவர் 1976ஆம் ஆண்டு இச்சிக்கலை ஆராய்ந்தனர். மது அருந்தி வண்டியோட்டிய இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவன் வழியில் எவரும் குறுக்கிடாமையால் வீடு சேர்கிறான். மற்றவன் குறுக்கே வந்த குழந்தையைக் கொன்றுவிடுகிறான். பிழை ஒன்றே, பழியோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இழப்புக்கு ஈடு செய்யும் கடமை இரண்டாமவனுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், முதலாமவன் குற்றமற்றவன் ஆவானா? ஆகான். தற்செயல் அவனைக் காத்ததேயன்றி அவன் நல்லறிவு காக்கவில்லை. முடிவை முடிவாகவே அளக்கும் நெறி தோற்றவனுக்கு ஆறுதல் கூறுவதோடு நிற்பதில்லை. தப்பியவனுக்கும் அச்சத்தைத் தருகிறது. அறிந்திருந்ததை மட்டுமன்றி, அறிய முயன்றிருக்க வேண்டியதையும் அது கணக்கிற் கொள்கிறது. விடை பிழைத்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் வழங்கும் கணக்காசிரியர், வழிமுறையின்றி வந்த சரியான விடையை ஐயுறவும் வேண்டுமன்றோ?

எனினும், மேசைக்கும் வாழ்வுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மேசையில் ஆயிரம் கைகள் வரும். ஒரு கையின் தீய விளைவை நெடுங்கால ஆட்டம் பெரும்பாலும் சமன் செய்துவிடும். வாழ்வில் சில முடிவுகள் ஒருமுறையே வாய்க்கும். அவற்றின் இழப்பை, முடிவு செய்தவனைவிட மனைவி மக்களே மிகுதியாகச் சுமப்பர். எனவே, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, தோற்றால் தாங்குவோர் யார் என்பதும் எண்ணப்பட வேண்டும். குடும்பத்தின் உணவுக்குரிய பணத்தை மேசையில் வைப்பவன், தன் இரு சீட்டுகளைப் பார்க்குமுன்னரே தவறான முடிவைச் செய்துவிட்டான். அவன் வென்று வந்தாலும் அம்முடிவு தவறே.

திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, தோல்வியை மட்டுமன்றி அதில் வரும் வெற்றியையும் ஐயத்தோடு நோக்குவது இதனாலன்றோ? தோல்வி ஒருவனை வருத்தி எழுப்பக்கூடும். தகுதியின்றி வந்த வெற்றியோ தவறான முடிவுக்கு நற்சான்று வழங்கி, மீண்டும் அதனையே செய்யத் தூண்டும். விளைவு தன் கையில் இல்லை. முடிவு தன் கையில் உள்ளது. வென்ற நாளிலும் தன் முடிவை ஆராய்ந்து பார்ப்பவனே அறிவுடையோன்.